சுக்கானைக் கட்டிவிட்டு வாசித்தவர்கள்

கடற்பயண நூல் எது கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது புயலையும் சுறாவையும் அல்ல. கப்பலில் என்ன புத்தகங்கள் இருந்தன, யார் வாசித்தார், எந்த மூலையில் ஒடுங்கிக்கொண்டு வாசித்தார் என்பதைத்தான். பெரும்பாலும் ஒரு பத்தி அகப்படும். சில நூல்களில் ஒரே வரி. புயலுக்கு முப்பது பக்கம் ஒதுக்குகிறவர்கள் இதற்கு அவ்வளவு இடம்தான் தருவார்கள். ஆனால் அந்த ஒரு பத்தியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பாய்மரக் கப்பலில் வாசிப்பது என்றதும் சாய்வு நாற்காலி, நீலக்கடல், மடியில் புத்தகம் என்று காலண்டர் படத்தைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. முதல் சில நாட்களுக்கு எழுத்தைப் பார்த்தாலே குமட்டும். உடம்பு பழகிய பிறகும் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தபடியே வாரக்கணக்கில் போகும். படுக்கையிலிருந்து உருண்டு விழாமலிருக்க முதுகை ஒரு பலகையிலும் முழங்காலை எதிர்ப் பலகையிலும் முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் புத்தகத்தைப் பிடிக்க வேண்டும். உப்புநீர் பட்ட தாள் காய்ந்தாலும் காய்ந்ததாக ஆகாது. காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் மறுபடி நசநசக்கும். பைண்டிங் பசையைக் கரப்பான் தின்னும். மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கை ஓய வேண்டுமே, அதுதான் பெரிய பாடு. ஓடுகிற கப்பலில் யாராவது ஒருவர் சுக்கானைப் பிடித்தாக வேண்டும். தனியாகப் போகிறவருக்கு அந்த யாராவது அவரேதான்.

ஜோஷுவா ஸ்லோகமுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து கிளம்பி, 1898 ஜூனில் நியூபோர்ட்டில் கரை சேர்ந்து, உலகைத் தனியாளாகப் பாய்மரப் படகில் சுற்றிய முதல் மனிதர் அவர். மொத்தம் ஏறக்குறைய 46,000 மைல். அவருடைய ‘ஸ்ப்ரே’ ஃபேர்ஹேவன் என்ற ஊரில் ஒரு வயலில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்த கிழட்டுப் படகு. பலகை பலகையாக மாற்றி அதை மறுபடி கட்டினார். அந்தப் படகுக்கு ஒரு குணம் அமைந்தது: பாயைச் சரியாக வைத்துச் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால், காற்று மாறாதவரை திசை பிசகாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவின் வடமுனையில் உள்ள வியாழன் தீவிலிருந்து இந்துமாக்கடலின் கீலிங் கோகோஸ் தீவுகளுக்கு 2,700 மைல். 23 நாள் ஆனது. இதில் அவர் சுக்கானைத் தொட்ட நேரம், துறைமுகத்துக்குள் நுழைந்த பாட்டையும் சேர்த்து, மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை.

பசிபிக்கிலும் அப்படித்தான். யுவான் ஃபெர்னாண்டஸ் தீவை விட்டபின் சமோவா வரை 72 நாட்கள் எங்கும் நிறுத்தவில்லை. வியாபாரக் காற்று முதுகுக்குப் பின்னால் சீராக அடித்துக்கொண்டிருக்க, சமைத்தார், துணி தைத்தார், வாசித்தார். சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர் இவர். ஆனால் இவர் எழுதிய பயண நூலின் உரைநடையைப் பாருங்கள்: குரல் உயராது, தன்னையே ஓரக்கண்ணால் கிண்டல் செய்துகொண்டு போகும். அது தண்ணீரில் நடந்த நீண்ட வாசிப்பால் வந்த நடை என்பது என் கட்சி.

சமோவாவில் நடந்ததுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். அங்கே வைலிமா வீட்டில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் மனைவி ஃபேனி இருந்தார். ஸ்டீவன்சன் இறந்து இரண்டு வருஷம்கூட நிரம்பவில்லை. ஃபேனி ஸ்லோகமுக்குச் சில புத்தகங்களைக் கொடுத்தார். கணவர் திரும்பத் திரும்ப வாசித்தவை என்று முன்தாளில் எழுதியும் கொடுத்தார். நாவல்களாக இருக்கும், கவிதைகளாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அவை மத்தியதரைக்கடல் மாலுமிகளுக்கான வழிகாட்டி நூல்கள். கூடவே இந்துமாக்கடலுக்கான பெரிய வழிகாட்டி ஒன்றும்.

மாலுமி வழிகாட்டி என்றால் எங்கே பாறை, எங்கே மணல்திட்டு, எந்த மாதம் எந்தப் பக்கம் நீரோட்டம், எந்த விரிகுடாவில் நங்கூரம் பிடிக்கும், எந்த ஊரில் குடிதண்ணீர் கிடைக்கும் என்று சொல்கிற புத்தகம். கதை கிடையாது. தேவையில்லாத ஒரு பெயரடையும் கிடையாது. பெயரடை தவறினால் கப்பல் உடையும். தலைமுறைகளாகக் கலங்கரை விளக்கம் கட்டிய குடும்பத்தில் பிறந்தவர் ஸ்டீவன்சன். தான் ஒருபோதும் கப்பல் செலுத்தப்போகாத கடற்கரைகளின் வருணனையை இலக்கியமாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார். அவருடைய ‘புதையல் தீவு’ நாவலின் வரைபடம் யார் கையிலிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா? வாசகன் என்றால் இவன் வாசகன்.

தனியாளை விட்டுக் கூட்டம் நிறைந்த கப்பலுக்கு வருவோம். எச்.எம்.எஸ். பீகிள் 90 அடி நீளம். 1831 டிசம்பரில் கிளம்பியபோது அதில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்கள். இந்த நெருக்கடியில் நானூறு புத்தகங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பின்பக்கத்து அறையின் சுவரோரம் அலமாரிகள். நடுவில் வரைபட மேஜை. அறையைத் துளைத்துக்கொண்டு ஒரு பாய்மரம். 22 வயதுச் சார்லஸ் டார்வின் அந்த மேஜைக்கு மேலேதான் தூளி கட்டித் தூங்கினார். காலை நீட்ட இடம் போதாமல் ஓர் இழுப்பறையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பொந்துக்குள் பாதங்களை விட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கடல்நோய் அவரை ஐந்து வருஷமும் விடவில்லை. படுத்தால்தான் கொஞ்சம் தேவலை. படுத்தால் வாசிக்கலாம். குமட்டல் இல்லாத டார்வினாக இருந்திருந்தால் இவ்வளவு வாசித்திருப்பாரா என்பது சந்தேகம்.

கிளம்பும்போது கேப்டன் ஃபிட்ஸ்ராய் அவர் கையில் சார்லஸ் லயலின் நிலவியல் நூலின் முதல் தொகுதியைக் கொடுத்தார். பூமியின் மேற்பரப்பு ஒரே நாள் பிரளயத்தில் உருவானதல்ல, இன்றும் கண்ணெதிரே நடக்கிற மெதுவான மாற்றங்கள் யுகங்களாகச் சேர்ந்து உருவானது என்று வாதாடிய நூல். 1832 ஜனவரியில் கப்பல் கேப் வெர்டேயின் சாந்தியாகோ தீவில் நின்றது. அங்கே கடலோரப் பாறைச் சுவரில், கடல்மட்டத்துக்கு மேலே, கிளிஞ்சல்கள் பதிந்த வெள்ளைப் பட்டை ஒன்று நெடுகிலும் ஓடியது. ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது மெல்ல உயர்ந்திருக்கிறது. புத்தகத்தில் வாசித்தது நேரே எழுந்து நிற்கிறது. கேம்பிரிட்ஜ் அறையில் உட்கார்ந்து அதே பக்கங்களை வாசித்திருந்தால் அது ஒரு கருத்தாக இருந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டாம் தொகுதி மான்டிவிடியோ துறைமுகத்துக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. ஒரே நூலின் அடுத்த பாகத்துக்காக ஒரு கண்டத்தின் ஓரத்தில் காத்திருப்பதை நினைத்துப் பார்க்கலாம்.

அதே டார்வின், கரையிறங்கி உள்நாட்டுக்குப் போகும்போது ஒரே ஒரு சிறு நூல்தான் எடுத்துப்போக முடியும் என்றால் மில்டனைத்தான் எடுப்பார். பிற்காலத்தில் கவிதை ஒரு வரிகூட வாசிக்க முடியாமல் போய்விட்டது என்று அவரே வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார். பாம்பாஸ் புல்வெளியில் குதிரை மேல் மில்டனைச் சுமந்து திரிந்த இளைஞன் எங்கே போனான் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இடமும் புத்தகமும் உரசிக்கொள்வதில் டார்வினையும் மிஞ்சிய ஒருவர் உண்டு. 1841 ஜனவரியில், ஸ்லோகம் பின்னாளில் படகு கட்டிய அதே ஃபேர்ஹேவனிலிருந்து, ‘அகுஷ்நெட்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் புறப்பட்டது. அதில் சாதாரண மாலுமியாக 21 வயது ஹெர்மன் மெல்வில். திமிங்கிலக் கப்பல்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நடுக்கடலில் இரண்டு கப்பல்கள் சந்தித்தால் பாயைத் தளர்த்தி நிறுத்திவிடுவார்கள். படகில் ஏறி அங்குமிங்கும் விருந்துக்குப் போவார்கள். கடிதம், பழைய செய்தித்தாள், புகையிலை, புத்தகம் எல்லாம் கைமாறும். அப்படி ஒரு சந்திப்பில் ஓர் இளைஞனோடு மெல்வில் பேச்சுக் கொடுத்தார். அவன் ஓவன் சேஸ் என்பவரின் மகன்.

1820 நவம்பரில் ‘எஸ்ஸெக்ஸ்’ என்ற கப்பலை ஒரு திமிங்கிலம் முட்டி மூழ்கடித்தது. சிறு படகுகளில் தப்பியவர்கள் 20 பேர். மாதக்கணக்கில் மிதந்து, இறந்த தோழர்களின் உடலைத் தின்னும் நிலைக்கு வந்து, முடிவில் பிழைத்தவர்கள் எட்டுப் பேர். அதிலொருவர் முதல் துணைக்கேப்டன் ஓவன் சேஸ். நடந்ததைப் புத்தகமாக எழுதினார். மகனின் பெட்டியில் அந்தப் புத்தகம் இருந்தது. எடுத்து மெல்விலுக்கு இரவல் கொடுத்தான்.

கரையே கண்ணில் படாத பசிபிக். எஸ்ஸெக்ஸ் மூழ்கிய அட்சரேகைக்குப் பக்கத்திலேயே கப்பல் நிற்கிறது. கீழே அதே தண்ணீர், அதே இனத் திமிங்கிலம். மகனிடமிருந்து தகப்பனின் கதை. ஒரு புத்தகத்தை வாசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் உலகில் கிடையாது. அது தன்னை விசித்திரமாக ஆட்டிவிட்டது என்று மெல்வில் பின்னால் குறித்து வைத்தார். பத்து வருஷம் கழித்து, 1851இல் ‘மோபி டிக்’ வந்தது. இரவல் வாங்கியவர்கள் வரலாற்றில் இந்த அளவுக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தவர் வேறு யாராவது உண்டா?

இதே காலத்தில் ரிச்சர்ட் ஹென்றி டானா. ஹார்வர்டு மாணவர், அம்மை கண்டு கண்பார்வை மங்கியதால் படிப்பை நிறுத்தி, 1834இல் ‘பில்கிரிம்’ கப்பலில் மாலுமியாகக் கலிபோர்னியாவுக்குப் போனார். கண்ணுக்கு ஓய்வு கொடுக்கக் கடலுக்கு வந்தவர் அங்கே அச்சடித்த காகிதத்துக்காக அலைந்ததுதான் வேடிக்கை. ஒரு பெட்டியின் அடியில் வில்லியம் காட்வினின் ‘மாண்டவில்’ நாவல் கிடைத்தபோது இரண்டு நாள் விடியலிலும் இரவிலும் அதை விடாமல் விழுங்கினார். இன்று காட்வினின் அந்த நாவலைத் தேடிப் பிடித்து வாசிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நூலின் தரத்தில் பாதி, அது கிடைக்கிற இடத்தில் இருக்கிறது.

இந்தப் பயணத்தைப் பற்றி டானா எழுதிய நூலில் இன்னொரு காட்சி. கலிபோர்னியாக் கரையோரம், கப்பலில் வேலை நின்றிருந்த ஒரு நாள். டானாவிடம் வால்டர் ஸ்காட்டின் ‘வுட்ஸ்டாக்’ இருந்தது. உரக்கப் படி என்றார்கள் மற்ற மாலுமிகள். ஏறக்குறைய பகல் முழுக்கப் படித்தார். அரசியல் வருகிற இடங்களையும் ஆசிரியர் தத்துவம் பேசுகிற இடங்களையும் தாண்டிவிட்டார். பியூரிட்டன் சிப்பாய்களின் பிரசங்கங்கள் வந்தபோது கூட்டத்துக்கு ஒரே குஷி. பொழுது சாய்ந்தது. கதை முடியவில்லை. சாப்பாடு ஆனதும் அடுக்களையிலிருந்து ஒரு விளக்கைக் கொண்டுவந்தார்கள். சுவை குறைந்த பக்கங்களைத் தள்ளிவிட்டு, கதாநாயகனுக்குக் கல்யாணம் செய்துவைத்து, இரண்டாம் சார்லஸை அரியணையில் உட்காரவைத்து, எட்டு மணிக்குள் முடித்தார். நம் ஊர்த் திண்ணைகளில் நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் வாசித்தவர்கள் செய்ததும் இதே வேலைதான். எங்கே தாண்ட வேண்டும் என்று தெரிவதும் வாசிப்புக் கலையில் சேர்த்தி.

கடலில் வாசகன் ஒருவனை எழுத்தாளன் பிடித்த கதையும் உண்டு. ‘டாரன்ஸ்’ என்ற பாய்க்கப்பலில் முதல் துணைக்கேப்டனாக வேலை பார்த்தபோது ஜோசப் கான்ராடின் பெட்டியில் பாதி எழுதிய ஒரு நாவல் கிடந்தது. 1892இல் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில், கேம்பிரிட்ஜில் படித்த, உடல்நலம் குன்றிய ஓர் இளம் பயணியிடம் அதைக் கொடுத்தார். மறுநாள் அந்த இளைஞர் அறைக்கு வந்து கையெழுத்துப் பிரதியை மேஜை மேல் வைத்தார். காற்று வலுத்துக்கொண்டிருந்தது, கான்ராடின் ஒரு காது பாய்களின் சத்தத்தில் இருந்தது. முடிக்கிற அளவுக்கு இதில் சரக்கு இருக்கிறதா என்று கேட்டார். ஆம் என்ற பொருளில் ஒரே சொல்லில் பதில் வந்தது. வேறு பாராட்டு எதுவும் இல்லை. ‘ஆல்மேயர்ஸ் ஃபாலி’ 1895இல் அச்சானது. அதைப் பார்க்க அந்த முதல் வாசகர் உயிரோடு இல்லை.

மாலுமிகளுக்குப் புத்தகம் வேண்டும் என்பதைக் கரையில் இருந்தவர்களும் உணர்ந்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அமெரிக்க மாலுமி நண்பர் சங்கம் நாற்பது சொச்சம் நூல்களை மரப்பெட்டியில் அடுக்கி, எண் போட்டு, கப்பல்களுக்கு இரவல் அனுப்பியது. பெட்டியில் பாதி பக்தி நூல்களாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1919இல் பிரிட்டனில் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் தொடங்கிய கடலோடிகள் கல்விச் சேவை இதைப் பெரிய அளவில் செய்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, வடமேற்குப் பாதை தேடி 1845இல் போன ஃபிராங்க்ளினின் இரு கப்பல்களிலும் சேர்த்து மூவாயிரத்தை நெருங்கும் நூல்கள் இருந்தன. கப்பலைக் கைவிட்டு, பனியில் படகை இழுத்துக்கொண்டு நடந்து செத்தவர்கள், அந்தப் படகிலும் ‘வேக்ஃபீல்டின் பாதிரியார்’ நாவலை ஏற்றியிருந்தார்கள். 1859இல் கண்டெடுத்தார்கள். ஏன் அதைத் தூக்கினார்கள் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்ல?

தனிமையில் ஒரு நூல் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு இருண்ட உதாரணமும் இருக்கிறது. 1968இல் நடந்த கோல்டன் குளோப், எங்கும் நிற்காமல் உலகைத் தனியாகச் சுற்றும் முதல் பந்தயம். அதை வென்ற ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ‘சுஹைலி’ நம் மும்பையில் தேக்கு மரத்தில் கட்டிய படகு. அதே பந்தயத்தில் டொனால்ட் குரோஹர்ஸ்டும் போனார். படகு தாங்காது என்று தெரிந்ததும் அட்லாண்டிக்கை விட்டே வெளியேறாமல், உலகைச் சுற்றுவதாகப் பொய்த் தகவல்களை ரேடியோவில் அனுப்பிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த சொற்ப நூல்களில் ஒன்று, பொதுவாசகர்களுக்காக ஐன்ஸ்டைன் எழுதிய சார்பியல் விளக்கம். மறுபடி மறுபடி அதையே வாசித்தார். கடைசி நாட்களில் காலம், கடவுள், மனித மனம் என்று 25,000 சொற்கள் எழுதிக் குவித்தார். 1969 ஜூலை 10 அன்று ஆளில்லாத படகு மட்டும் கிடைத்தது. ஐன்ஸ்டைன் மேல் பழி போடுவது அபத்தம்; குரோஹர்ஸ்டை நெரித்தது பொய்யும் கடனும். ஆனாலும் எதிர்த்துப் பேச இன்னொரு நூல் இல்லாத இடத்தில் ஒரே நூல் வேதமாகிவிடும் என்பதை அந்த நாட்குறிப்பை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

இப்போது சுக்கானைப் பிடிக்க ஆள் தேவையில்லை. காற்றின் திசைக்கேற்பத் தானே திருப்பும் காற்றுத்தகடு 1960களில் பரவியது. பிறகு மின்கருவி வந்தது. கின்டிலில் ஆயிரம் நூல் ஏறும், பூஞ்சை பிடிக்காது, சாய்ந்து படுத்தாலும் ஒற்றைக் கையில் நிற்கும், இரவுக் காவலில் விளக்கும் வேண்டாம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆயிரம் இருக்கிற இடத்தில் யாரும் காட்வினுக்கு இரண்டு நாள் கொடுக்கப்போவதில்லை. 2018இல் கோல்டன் குளோப் பந்தயத்தை மறுபடி நடத்தியபோது 1968இல் இருந்த தொழில்நுட்பத்தோடுதான் ஓட்ட வேண்டும் என்று விதி போட்டார்கள். வழி தெரிந்துகொள்ள செக்ஸ்டன்ட், காகித வரைபடம், பாட்டுக்குக் கேசட். அதில் கலந்துகொண்ட நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி புயலில் முதுகு உடைந்து மீட்கப்பட்டு, 2023இல் அடுத்த பந்தயத்தை இரண்டாமிடத்தில் முடித்தார். இருநூறு நாளுக்கு மேல் ஒரே படகில். அவ்வளவு நாளுக்கு எத்தனை கிலோ புத்தகம் ஏற்றுவது என்பது தண்ணீர்க் கணக்கு மாதிரியே போட வேண்டிய கணக்கு.

துப்பறியும் நாவல் கூடாது. ஒரு காவல்முறையில் முடிந்துவிடும், பிறகு வெறும் பாரம். கடல் நாவலும் வேண்டாம் என்பேன், மெல்விலுக்குக் கிடைத்த மாதிரி யாராவது தகப்பன் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினாலொழிய. ஊரும் தெருவும் சந்தையும் கல்யாணமும் நெருக்கியடிக்கிற தடித்த நாவல் ஒன்று. நாஞ்சில் நாட்டுப் பேச்சு வழக்கு நிறைந்ததென்றால் எனக்குச் சம்மதம், நடுக்கடலில் மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். அடுத்து கம்பன். ஒரு பாட்டை வாயில் போட்டுக்கொண்டு நாலு மணி நேரக் காவலை ஓட்டிவிடலாம். கையும் கண்ணும் தேவையில்லை.

மூன்றாவதற்கு ஸ்டீவன்சன் வழி. சோழமண்டலக் கரையைக் கடலிலிருந்து பார்த்து எழுதிய பழைய ஆங்கில மாலுமி வழிகாட்டி ஒன்று. நாம் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்துப் பழகிய கரையை, நாலைந்து மைல் தள்ளி நின்று, தெரியுமா தெரியாதா, எந்த ஆழத்தில் நங்கூரம் போடலாம் என்ற கவலையோடு மட்டும் பார்க்கும் கண் அது. மாமல்லபுரத்துக்கு ‘ஏழு கோயில்’ என்று பெயர் வைத்ததே அப்படிக் கடலிலிருந்து பார்த்தவர்கள்தான். கப்பல் ஓட்டவேண்டுமென்றால் புதிய பதிப்பு அவசியம். படுக்கையில் முட்டுக்கொடுத்துப் படிக்கப் பழையதே நல்லது; கப்பல்காரர்கள் அடையாளம் பிடித்துக்கொண்டிருந்த நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக் கோபுரத்தை 1867இல் இடிப்பதற்கு முன்னால் வந்த பதிப்பென்றால், தண்ணீர்ப் பீப்பாய் ஒன்றைக் குறைத்தாவது ஏற்றிக்கொள்ளலாம்.